எருசலேமைப் பார்த்த ஜன்னல்

அலெப்போ நகரத்து யூதர் தெருவில் ரபி மத்லூபுக்குச் சீடர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவரான நிஸ்ஸீமுக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தொன்று. தெருவில் சிரிப்பதற்கு வேறு விஷயம் கிடைக்காத நாளில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

நிஸ்ஸீம் செம்புப் பாத்திரக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஜெபத்தில் இறங்கியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. சாவதற்குள் ஒரு தடவையாவது ஷெகினாவை உணர்ந்துவிட வேண்டும். கடவுள் இறங்கி வந்து மனிதர்கள் நடுவே தங்குவதை யூதர்கள் அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். அது வந்தால் தமக்குத் தெரிந்துவிடும் என்று நிஸ்ஸீம் நம்பினார். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்வார்.

ரபி மத்லூப் பிழைப்புக்கு மெத்தை தைத்தார். கடையில் உட்கார்ந்து வில்லால் பஞ்சு அடித்துக்கொண்டே பாடம் சொல்வார். சீடர்கள் தாடியெல்லாம் பஞ்சாக வீடு திரும்புவார்கள்.

ஒரு நாள் முற்பகலில் நிஸ்ஸீம் கடைக்குள் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன பெரியவரே, முகம் சரியில்லையே?"

"வர மாட்டேங்குது, ரபி."

"எது?"

"ஷெகினா. ஏழு மாசமா கூப்பிட்டுட்டே இருக்கேன். எட்டிக்கூடப் பார்க்கல."

ரபி பஞ்சு அடித்துக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன குறை வச்சேன்? இருட்டோட எழுந்திரிக்கிறேன். கை விறைக்க விறைக்க நிக்கிறேன். எருசலேம் பக்கம் ஜன்னல் இருக்கிற அறையில நின்னு ஜெபம் பண்ணணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. சுவரை இடிச்சு ஜன்னலே வச்சுட்டேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

ஜன்னல் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். குளிர் தொடங்கும்முன் வரும் கூடாரப் பண்டிகை முடிந்த மறுவாரம் நிஸ்ஸீம் தம் மாடி அறையில், எருசலேம் இருக்கும் தெற்குப் பக்கத்துச் சுவரை இடிக்கச் சொன்னார். கனமான கல் சுவர். கொத்தனார் இரண்டு நாள் திட்டிக்கொண்டே இடித்தார். வாதுமை மரத்தில் சட்டம் செய்து பொருத்தினார்கள். முதல் நாள் விடியலில் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று நிஸ்ஸீம் குழந்தை மாதிரி அழுதார். தெருவிலிருந்த ஆண்களெல்லாம் மாடியேறி வந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஆஹா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரபி மட்டும் வரவில்லை. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் மெத்தைக்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

"ஜன்னல் முன்னாடி நின்னா என்ன தெரியுது?" என்று கேட்டார் ரபி.

"ஒண்ணும் தெரியாது. நான்தான் கண்ணை மூடிக்கிறேனே."

"திறந்தா?"

நிஸ்ஸீம் யோசித்தார். ஏழு மாதத்தில் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

"கீழே லத்தீஃபா வீட்டு முற்றம் இருக்கணும்."

வில் நின்றது.

அந்தத் தெருவில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டு வாசல் இன்னொரு வீட்டு வாசலுக்கு நேரே திறக்காது. அடுத்தவர் முற்றம் தெரியும்படி ஜன்னல் வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டார் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டும் வைக்கலாம்.

"லத்தீஃபா ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன ரபி இப்படிக் கேக்கறீங்க? முறைப்படி கேட்டுட்டுத்தான் சுவர்ல கை வச்சேன். 'உங்க ஜெபத்துக்குன்னா நான் எப்படி அண்ணா வேண்டாம்னு சொல்வேன்'னுட்டா. புருஷன் இல்லாம ஒண்டியா கிடந்து கஷ்டப்படறவ. தங்கமான மனசு."

ரபி தம் மடியிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூடாரப் பண்டிகைக்கு மறுவாரமா வச்சீங்க?"

"ஆமா."

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரேன். நீங்க எப்பவும்போல ஜெபத்துக்கு நில்லுங்க."

சொல்லிவிட்டு ரபி பட்டப்பகலில் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நிஸ்ஸீமுக்குத் தலைகால் புரியவில்லை. குருவே வீடு தேடி வருகிறார்! தமக்கு மட்டும் ஏதோ ரகசியம் சொல்லித் தரப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டார். மறுநாள் தலைக்குக் குளித்து, வெளுத்த உடுப்பு போட்டு, தாடியை மூன்று தரம் வாரிக்கொண்டு காத்திருந்தார்.

சூரியன் வரும் நேரத்துக்கு வாசலில் சுமையேற்றிய ஒரு கழுதை கத்தியது. கொஞ்ச நேரத்தில் ரபி மாடியேறி வந்தார்.

"நான் ஜெபத்தை முடிச்சுட்டுத்தான் வந்தேன். நீங்க ஆரம்பிங்க, பெரியவரே."

நிஸ்ஸீம் ஜெபச் சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு முன்னால் பாதம் இரண்டையும் சேர்த்து நின்றார். கண்ணை மூடினார். நின்றபடி சொல்லும் அந்த ஜெபத்தை அவர் வெயில் ஏறும்வரை நீட்டிச் சொல்வார். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. பேசக் கூடாது, காலை அசைக்கக் கூடாது. பாம்பே வந்து காலைச் சுற்றினாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது விதி.

முதலில் படியில் யாரோ எதையோ சுமந்து வந்து தொம்மென்று போடும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. கல் என்று நிஸ்ஸீமின் காது சொன்னது. மனம் நம்பவில்லை. குழைத்த சுண்ணாம்பின் வாடை வந்தது. அப்புறம் கரண்டியால் வழிக்கும் சத்தம்.

தினமும் அந்த ஜன்னல் வழியாகக் காற்று அவர் மேல் முழுக்க வீசும். இப்போது முழங்காலில் காற்று நின்றுபோனது. பிறகு வயிற்றில். என்னவோ ஈரமாக அவர் பாதத்தில் சொட்டியது. பாம்புக்கு விதி இருக்கிறது. சுண்ணாம்புக்கு ஒரு விதியும் இல்லையே என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. உதடுகள் ஜெபத்தைத்தான் சொல்லின. நோயாளிகளின் பெயர்களைச் சொல்லும் இடம் வந்தது. அந்த நிலையிலும் ஒரு பெயரையும் விடாமல் சொன்னார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் அந்த ஜெபத்தின் மீதியை முடித்ததில்லை.

முறைப்படி மூன்று அடி பின்னால் வைத்துக் கண்ணைத் திறந்தார்.

ஜன்னலில் மார்பு உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. ரபி கையை மடித்துவிட்டுக்கொண்டு, தாடியில் சுண்ணாம்போடு அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ரபி! என்ன பண்றீங்க!"

"பார்த்தா தெரியலையா? சுவர் வைக்கிறேன்."

"எருசலேமை அடைக்கிறீங்களா? நீங்களா? ஒரு ரபியா?" நிஸ்ஸீமுக்குக் குரல் கிறீச்சிட்டது. குருவிடம் அவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. "வேற ஒருத்தன் செஞ்சிருந்தா கையை ஒடிச்சிருப்பேன்!"

"ஒடிங்க. அதுக்கு முன்னாடி கீழே ஒரு தடவை பாருங்க."

"மாட்டேன். அடுத்த வீட்டு முற்றத்தை நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல. சத்தியமாச் சொல்றேன்."

"தெரியும். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? இன்னைக்கு நான் சொல்றேன், பாருங்க."

நிஸ்ஸீம் புதுச் சுவரின் மேலாகக் குனிந்து பார்த்தார்.

முற்றமே தெரியவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறுகள் கட்டி, அவற்றின் மேல் கிழிந்த மெத்தை உறைகளையும் போர்வைகளையும் ஒன்றோடொன்று தைத்துப் போட்டிருந்தார்கள். குளிர்காலத்து மழையில் ஊறி ஊறி அவை கறுத்துப் போயிருந்தன. தரை என்று ஒரு சாண் இடம் கண்ணில் படவில்லை. வெயில் போர்வைகளின் மேலேயே நின்றுவிட்டது.

"என்ன இது?"

"நான் குடுத்தது." ரபி கல்லைக் கீழே வைத்தார். "நீங்க ஜன்னல் திறந்த மறுநாள் லத்தீஃபா கடைக்கு வந்தா. கிழிஞ்ச போர்வை, உறை, எதுவானாலும் பரவாயில்ல, கனமா இருந்தா போதும்னா. குளிருக்குக் கேக்கறான்னு நினைச்சு ஒன்பது எடுத்துக் குடுத்தேன். இவ்வளவு எதுக்கும்மான்னு ஒரு வார்த்தை கேக்கல. நேத்து நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு உறைக்கல. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரிகிட்ட விசாரிச்சேன். தெருவுல பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். பக்தி விஷயமாச்சேன்னு யாரும் வாயைத் திறக்கல."

"எதுக்காக முற்றத்தை மூடணும்?"

"பகியாவுக்காக."

பகியா லத்தீஃபாவின் ஒரே மகள். பதினைந்து வயது. எலும்பில் வலுவில்லாமல் பிறந்தவள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் காலில் நேரடியாக வெயில் பட வேண்டும், அதைத் தவிர மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வெயில் வரும் இடம் அந்த வீட்டில் முற்றம் ஒன்றுதான். பாவாடையை முழங்கால் வரை மடித்துவிட்டு, தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நாள் தவறாமல் அங்கே உட்காருவாள். மூன்று வருஷம் அப்படி உட்கார்ந்து, போன கோடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேவிட்டாள். அன்று தெருவில் எல்லா வீட்டிலும் இனிப்பு. நிஸ்ஸீம் வீட்டிலும்தான்.

நிஸ்ஸீமுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"ஆனா நான் பார்க்கலையே, ரபி! கண்ணை மூடிட்டுத்தானே நின்னேன்!"

"அது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அவ நிமிர்ந்து பார்த்தா மேலே ஒரு ஆம்பளை நிக்கிறார்."

"ஐயோ, நான் அவளுக்காகத் தினமும் ஜெபம் பண்றேன். பேர் சொல்லி! 'லத்தீஃபா மகள் பகியா'ன்னு. ஒரு நாள் விட்டதில்ல. இப்பக்கூடச் சொன்னேன்!"

"எங்கே நின்னு சொன்னீங்க?"

நிஸ்ஸீம் வெளுத்த உடுப்போடு குனிந்து, கீழே கிடந்த கல்லைத் தூக்கித் தாமே சுவரின் மேல் வைத்தார். மீதிச் சுவரை இரண்டு பேரும் சேர்ந்தே எழுப்பினார்கள். கடைசிக் கல்லோடு அறை இருண்டது.

லத்தீஃபாவின் வாசல் அடுத்த சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் நிஸ்ஸீமைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணா. காத்துல போர்வை படபடன்னு அடிச்சுக்குது, இல்ல? உங்க ஜெபத்துக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு எனக்கும் பயம்தான். இன்னைக்கே இறுக்கிக் கட்டிடறேன்."

நிஸ்ஸீம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பார். அவரிடமே அவள் மன்னிப்புக் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

"ஜன்னலை அடைச்சாச்சும்மா," என்றார்.

அவள் நம்பவில்லை. ரபியின் முகத்தைப் பார்த்தாள். முற்றத்துக்கு ஓடி ஒரு போர்வையின் ஓரத்தைத் தூக்கி மேலே பார்த்தாள். பார்த்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, வாயில் முக்காட்டின் ஓரத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, லத்தீஃபா? ஒரே ஒரு வார்த்தை?"

"எப்படிச் சொல்வேன் அண்ணா? உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல நான் வந்து நிக்கலாமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்னு இருந்துட்டேன்."

"போகட்டும். பகியாவைக் கூப்பிடு. நல்ல வெயில் இருக்கு. வந்து உட்காரட்டும்."

லத்தீஃபா அழுகையை நிறுத்திவிட்டு ரபியைப் பார்த்தாள். ரபி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குத் தெரியாதா?" என்றாள். "அண்ணா, ஜன்னல் திறந்த அன்னைக்கு உள்ளே போய்ப் படுத்தவ. முற்றத்தை மூடிட்டேன், வாடின்னு கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டா. போர்வைக்கு அடியில வந்துதான் என்ன, வெயில் ஏது? குளிர்காலத்துல, ஹனுக்கா பண்டிகைக்கு விளக்கு ஏத்தற வாரத்துல ஒரு நாள் எழுந்திரிக்கப் பார்த்தா. கால் மடங்கிடுச்சு. அதுக்கப்புறம் அவ நிக்கவே இல்ல."

மேலே தாம் நின்ற ஒவ்வொரு காலையும் நிஸ்ஸீமுக்கு நினைவுக்கு வந்தது. தாம் நிற்க நிற்கக் கீழே ஒரு பெண் படுத்துப்போனாள். அவர் பெயர் சொல்லிச் சொல்லி வேண்டிக்கொண்ட அதே பெண்.

ரபி போய்க் கயிறுகளை அறுத்தார். ஈரப் போர்வைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பூஞ்சை வாடை குப்பென்று கிளம்பியது. அவற்றைச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்தார். முற்றத்துக் கல்தரையில் பாசி பிடித்திருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அங்கே வெயில் விழுந்தது.

"கட்டிலோட தூக்கிட்டு வருவோம். ஒரு பக்கம் பிடிங்க, பெரியவரே."

உள்ளறை இருட்டில் கிடந்த கட்டிலை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லத்தீஃபா மகளின் காலைப் போர்வையால் மூடியபடியே கூட நடந்தாள். பகியாவின் கனம் கட்டிலில் இருப்பதாகவே நிஸ்ஸீமின் கைக்குத் தெரியவில்லை. அது அவரை இன்னும் கலங்க வைத்தது.

வெயிலில் கட்டிலை இறக்கியதும் பகியா கண் கூசிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். முதல் பார்வை மேல் சுவருக்குத்தான் போனது. சுண்ணாம்பு இன்னும் காயாத கற்களை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"அடைச்சுட்டீங்களா மாமா? அப்போ உங்க ஜெபம்?"

நிஸ்ஸீம் அவள் காலில் விழலாமா என்று நினைத்தார். விழுந்தால் அவள் பயந்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்பாவது கேட்க வேண்டும். ஓரமாகக் கிடந்த முக்காலி ஒன்றை இழுத்து, கட்டிலின் தலைமாட்டில் போட்டு உட்காரப் போனார்.

"அங்கே உட்காராதீங்க!"

ரபி பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். முக்காலி சாய்ந்து விழுந்தது. லத்தீஃபா திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஏன் ரபி?"

"ஏன்னா கேக்கறீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் தரையில்தான் உட்கார வேண்டும். தலைமாட்டில் யாரும் உட்காரக் கூடாது. அங்கே ஷெகினா இருக்கிறது. நிஸ்ஸீமே எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைத் தலைமாட்டிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறார்.

அவர் பகியாவின் தலைமாட்டைப் பார்த்தார். அங்கே வெயில்தான் இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, பாசி பிடித்த ஈரத் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். ஏழு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் களைத்தவருக்கு இப்போது கேட்கவே பயமாக இருந்தது.

"இங்கேயா?" என்றார். "எப்போலேருந்து, ரபி?"

ரபி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் காதில் விழாதபடி சொன்னார்.

"நீங்க சுவரை இடிச்ச நாள்லேருந்து."